லேகாக்: அரை நாள் போதும், காலையிலேயே போய்விடுங்கள்

இங்கிலாந்தின் வில்ட்ஷரில் இருக்கும் லேகாக் கிராமம் சிப்பென்ஹமிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். லண்டன் பேடிங்டனிலிருந்தோ பாத்திலிருந்தோ சிப்பென்ஹம் வரை ரயில். அங்கிருந்து மெல்க்ஷம் போகும் பஸ். ஞாயிற்றுக்கிழமை என்றால் பஸ் நேரத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். கார் கொண்டுவந்தால் ஊருக்கு வெளியே உள்ள நிறுத்தத்திலேயே விட்டுவிடுவது நல்லது. உள்ளே நான்கே தெருக்கள், சதுரமாக. இடம் தேடிச் சுற்றினால் குடியிருப்பவர்களுக்குத்தான் தொல்லை.

தெருக்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அண்ணாந்து பாருங்கள், மின்கம்பியோ ஆன்டெனாவோ கண்ணில் படாது. ஊரே ஒரு கைக்குள் இருந்ததுதான் காரணம். டால்பட் குடும்பத்துச் சொத்தாக இருந்ததை 1944-ல் மட்டில்டா டால்பட், பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார். வீடுகளில் இன்றும் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். படப்பிடிப்புக்குப் பேர்போன ஊர் என்பதால் ஜன்னலில் கேமராவை ஒட்டிவைத்துப் படம் எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது யாரோ ஒருவர் வீட்டுக் கூடம்.

சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு வீட்டின் பக்கச் சுவர் முன் நின்று கவனியுங்கள். வளைந்த மரத்தை நீளவாக்கில் பிளந்து, இரு பாதிகளையும் எதிரெதிரே சாய்த்து உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். கூரையின் பாரம் சுவருக்குப் போகாமல் அந்த மரத்தின் வழியே நேராகத் தரைக்கு இறங்குகிறது. ஊரில் இருக்கும் பழைய கிறிஸ்தவ மடமான லேகாக் அபேக்குச் சேர வேண்டிய தானியத்தையும் ஆட்டு ரோமத்தையும் சேமித்த பழைய கிடங்கிலும் கூரையைப் பார்க்காமல் வராதீர்கள்.

மடத்துக்குள் போக டிக்கெட் உண்டு. தாழ்வாரமும் மாடி அறைகளும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. அறைகள் மூடிய நாளில் அந்தப் பணம் முழுதாகப் பலன் தராது. அதே குடும்பத்தைச் சேர்ந்த புகைப்படக் கலை முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில் படம் எடுத்த ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. பலர் வெளியே புல்வெளியில் நின்று அதைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர் எடுத்தது உள்ளிருந்து. வெளிச்சம் கண்ணாடி வழியே வந்ததால், ஒளி கருப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் பதியும் நெகட்டிவில் கண்ணாடிகள் கருத்தும் சட்டங்கள் வெளுத்தும் தெரியும். தபால்தலை அளவுதான் அந்த நெகட்டிவ்; சுமார் 200 கண்ணாடிச் சில்லுகளையும் லென்ஸ் வைத்து எண்ண முடிந்தது என்று அவரே குறித்திருக்கிறார். உள்ளேயே ஜன்னலுக்கு எதிரே நின்று பாருங்கள், அந்தக் கட்டங்கள் அப்படியே இருக்கும்.

கோடையில் நண்பகலுக்குள் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிறைந்துவிடும். அதனால் முதலில் தெருக்கள், அறைகள் திறந்ததும் மடம், சாப்பாடு கடைசியில்.