கடிதத் தலைப்பில் மூன்று மொழி

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் சுவாமி அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒரு நீட்டுக் கடித உறை அகப்பட்டது. உடைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்திருந்தது.

"இது என்னம்மா?"

"அது அரசாங்கக் கடிதம், தம்பி. சிங்களத்தில கிடக்கு. ஆரும் வந்தால் காட்டுவம் எண்டு வைச்சனான்."

விரித்துப் பார்த்தேன். மேலே அரச சின்னம். அதன் கீழே திணைக்களத்தின் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும். முகவரி, தொலைபேசி, "எனது இல.", "உமது இல." எல்லாமே மூன்று மொழியில் ஒழுங்காக அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே ஒரு பக்கம் முழுக்கச் சிங்களம் மட்டும். அம்மாவின் பெயர்கூடச் சிங்கள எழுத்தில்தான். இலக்கத்தில் இருந்த ஒரு திகதிதான் எனக்கு விளங்கியது. அந்தத் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பின் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற லிகிதர் ஐயாவிடம் போனேன். எண்பது தாண்டியவர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு, அரச உத்தியோகத்தில் நிலைக்க வேண்டுமென்றால் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதியாக வேண்டும் என்ற நிலையில் அந்த மொழியைப் படித்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"அம்மா உயிரோட இருக்கிறா எண்டதுக்குக் கிராம சேவையாளர் கையெழுத்து வைச்ச பத்திரம் அனுப்பட்டாம். பிந்தினால் அப்பாவின்ர பென்சன் நிக்கும் எண்டு போட்டிருக்கு."

பிறகு கடிதத்தை மடித்துத் தரும்போது சொன்னார்: "நான் இருக்குமட்டும் வாசிச்சுச் சொல்லுவன். எனக்குப் பிறகு இந்த ஒழுங்கையில ஆர் தம்பி?"

அந்தப் பயணம் முழுக்க நான் யாழ்ப்பாணத்தில் பலகை பலகையாகப் பார்த்துக்கொண்டு திரிந்ததற்கு இந்தக் கடிதம்தான் காரணம்.

நான் 1992இல் கிளாலிக் கடலால் வெளிக்கிட்டவன், இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். இந்த முறை சென்னையிலிருந்து நேரே பலாலியில் வந்து இறங்கினேன். 2019 ஒக்ரோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது, பெயர்ப்பலகையில் தமிழ் மேலே இருக்கிறது என்று தெற்கில் சிலர் சத்தம் போட்டார்கள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அடுத்த வருடம் 16ஆம் திருத்தம் வடக்கு, கிழக்கில் தமிழே நிர்வாக மொழி என்று வைத்தது. ஆகவே பலாலியில் தமிழ் மேலே இருப்பது யாரும் போட்ட பிச்சை இல்லை, சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் அந்தப் பலகையைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அப்பா அடிக்கடி 1958ஐப் பற்றிச் சொல்வார். வாகன இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' வந்ததும் இங்கே பஸ்களில் அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பலகைகளில் தார் பூசினார்கள். அந்த ஒற்றை எழுத்தால் இரத்தம் சிந்தியதைக் கண்ட தலைமுறை அது. இப்போது வட மாகாண வண்டிகள் பலவற்றில் 'என்.பி.' என்று இரண்டு ஆங்கில எழுத்துதான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஊர்ப் பெயர்ப்பலகைகளை நின்று வாசித்துப் பாருங்கள். பருத்தித்துறைப் பலகையில் உள்ள மூன்று வரியும் ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றது இல்லை. தமிழில் பருத்தி ஏற்றி இறக்கிய துறை. ஆங்கிலத்தில் 'பொயின்ற் பீற்றோ'. அது போர்த்துக்கேயர் பாறை முனை என்ற பொருளில் வைத்த பெயரிலிருந்து வந்தது. சிங்களத்தில் 'பேதுறு துடுவ', அந்தப் பீற்றோவைப் பிடித்துக்கொண்டு போன பெயர். நெடுந்தீவு ஆங்கிலத்தில் ஒல்லாந்து நகரமொன்றின் பெயரில் 'டெல்ஃப்ற்' ஆகிவிட்டது. ஊர்காவற்றுறை போர்த்துக்கேயரின் வாயில் 'கேய்ஸ்', அதாவது இறங்குதுறை. ஒரே கம்பத்தில் இத்தனை பேர் வந்து போன கதை நிற்கிறது. ஆனால் வீட்டுக்கு வழி கேட்டால் ஒருவரும் பலகையைப் பார்ப்பதில்லை. "புளியடியால திரும்புங்கோ", "வைரவர் கோயிலடியில இறங்குங்கோ" என்பதுதான் பதில். ஒழுங்கைக்குள் போய்விட்டால் இந்த 'அடி'தான் முகவரி. நகரத்துக்குள்ளும் வெலிங்டன் சந்தி என்று ஒரு படமாளிகையின் பெயரில் சந்தி ஒன்று இருக்கிறது.

கடைப் பலகைகள் வேறு கதை. போர்க்காலத்தில் புலிகளின் நிர்வாகத்தில் பரவிய 'வெதுப்பகம்' என்ற சொல் இன்னும் பல இடங்களில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதற்குள் போகிறவர்கள் "பேக்கரிக்குப் போய்ப் பாண் வாங்கி வாறன்" என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு இரண்டிலும் பிரியம்தான். என் மனதை உறுத்தியது வேறொன்று. நாங்கள் ஆங்கில 'T' ஒலியை 'ர' என்றும் 'ற' என்றும் எழுதிப் பழகியவர்கள். ரயர், ரிக்கெற், ரியூசன், ரொறன்ரோ. யாழ்ப்பாணத்துக்காரனின் எழுத்தை எங்கே கண்டாலும் அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஸ்ரான்லி வீதியில் ஒரு பழைய சைக்கிள் திருத்தும் கடையில் 'ரியூப், ரயர் ஒட்டப்படும்' என்று பெயின்ற் தூரிகையால் எழுதிய பலகை இன்னும் தொங்குகிறது. அந்த ரயரில் 'ட'வுக்கு இடமே இல்லை. சற்றுத் தள்ளிப் புதிதாக ஒட்டிய பிளெக்ஸ் பலகையில் 'டயர்' என்று இருக்கிறது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியும் கொழும்பில் அச்சாகும் விளம்பரமும் சேர்ந்து எங்கள் எழுத்தை மெல்ல மாற்றிக்கொண்டிருக்கின்றன. சிங்களமோ ஆங்கிலமோ தின்னாத ஒன்றைத் தமிழே தின்னுகிறது. இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. எனக்குக் கவலையாக இருக்கிறது.

பிழைகளையும் சொல்ல வேண்டும். பஸ் ஒன்றில் 'கர்ப்பிணித் தாய்மார்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நாய்மார்' என்று எழுதியிருந்த படம் சில வருடங்களுக்கு முன் பரவியது நினைவிருக்கும். 'த'வுக்கும் 'ந'வுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் வடிவத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். சரிபார்க்கத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் இருக்கவில்லை. அதைவிடச் சாதாரணமானது எழுத்துருப் பிழை. இங்கே நிறையப் பேர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சுச் செய்கிறார்கள். பாமினியில் மெய்யெழுத்தின் மேல் வரும் குற்றுக்கு அரைப்புள்ளி விசை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். ஒரு அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலில் கொம்பெல்லாம் கழன்று எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. அங்கே வேலை செய்யும் எல்லாரும் தமிழர். "மேலிடத்தில இருந்து அப்பிடித்தான் வந்தது" என்றார்கள். ஒட்டும்போது ஒருவராவது திருப்பி அனுப்பியிருக்கலாம்.

ஒரு போயா (பௌர்ணமி) நாளுக்கு முதல் நாள் சித்தியோடு நயினாதீவுக்கு வெளிக்கிட்டேன். யாழ் பஸ் நிலையத்தில் வெள்ளைச் சேலை கட்டிய சிங்கள அம்மா ஒருவர், கையில் பூக்கூடையோடு பஸ் பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் பஸ்ஸின் பலகையில் 'குறிகட்டுவான்' என்று மூன்று மொழி எழுத்திலும் இருந்தது. சிங்கள எழுத்தை அவர் வாய்விட்டு வாசித்தார், ஆனால் அவர் தேடிய பெயர் அது இல்லை. குறிகட்டுவான் வள்ளம் ஏறும் இறங்குதுறை. அவருக்குத் தெரிந்தது 'நாகதீப' மட்டும். எங்களுக்கு நாகபூசணி அம்மனின் நயினாதீவு, அவருக்கு விகாரையுள்ள நாகதீப. தீவு ஒன்றுதான். நடத்துநர் பெடியன் அவரின் முகத்தைப் பார்த்த உடனேயே "நாகதீப, நாகதீப, நகின்ன அம்மே" என்று கையைப் பிடித்து ஏற்றி, முன் சீற்றில் இருத்தினான். எங்கே சிங்களம் படித்தாய் என்று கேட்டேன். "படிக்கேல்லை அண்ணை, ஏறுறாக்களிட்ட கேட்டுக் கேட்டுத்தான்" என்றான். பலகையால் முடியாததை அவன் அரை நிமிடத்தில் செய்தான். அந்த அம்மாவுக்கு எங்கள் ஊரில் கிடைத்தது என் அம்மாவுக்குக் கொழும்பில் இருந்து வரும் கடிதத்தில் கிடைக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

ஏனென்றால் சுவரில் இருக்கும் தமிழில் இப்போது பெரிய குறை இல்லை. வைத்தியசாலை, பிரதேச செயலகம், தபாற்கந்தோர், எங்கே போனாலும் தமிழ் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் அம்மாவின் அலுவல் முழுக்கத் தமிழிலேயே, அன்பாக, அரை மணித்தியாலத்தில் முடிந்தது. ஊருக்கெல்லாம் பொதுவாக எழுதும்போது தமிழ் இருக்கிறது. உனக்கு மட்டும் என்று ஒரு தாள் கையில் தரும்போது அது காணாமல் போகிறது. ஒரு வங்கியின் காசு இயந்திரத்தில் தமிழைத் தெரிவு செய்தோம். திரையில் நல்ல தமிழ் வந்தது, வெளியே வந்த துண்டு ஆங்கிலம். அம்மாவின் கைத்தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி ஆங்கிலம். ஒரு நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தால் "தமிழுக்கு இலக்கம் இரண்டை அழுத்தவும்" என்கிறது, அழுத்திப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் வருகிறவருக்குத் தமிழ் தெரியாது. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தினமும் பத்திரிகையை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர். ஊர்ப் பலகை எல்லாவற்றையும் வாசிக்க முடிந்த ஒருவருக்குத் தன் பெயருக்கு வந்த கடிதத்தை வாசிக்க முடியவில்லை.

ரொறன்ரோவில் தெருப் பலகைகளில் பிரெஞ்சு பெரிதாக இல்லை. ஆனால் கடையில் வாங்கும் பால் பெட்டியில் இருந்து தலையிடிக் குளிசைப் பெட்டி வரைக்கும் ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டும் இருக்கும். சட்டம் அப்படி. கையில் எடுத்து வாசிக்கும் சாமானில்தான் அந்த நாடு மொழியை வைத்திருக்கிறது. இங்கே பலகையில் வைத்திருக்கிறோம்.

ஒரேயொரு இடத்தில் மனது நிறைந்தது. கிளினிக் முடிந்து மருந்து எடுக்கப் போனோம். துண்டில் வைத்தியர் எழுதியது முழுக்க ஆங்கிலம், அதிலும் சுருக்கெழுத்து. மருந்து கொடுத்த பிள்ளை ஒவ்வொரு கடதாசிப் பைக்கு மேலும் நீல மையில் 'காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பிறகு' என்று எழுதினார். அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு பையை மட்டும் திரும்ப வாங்கி, பெரிய எழுத்தில் இன்னொரு தரம் எழுதிக் கொடுத்தார். பின்னால் வரிசையில் இருபது பேர் நின்றார்கள். அம்மா அந்தப் பையை விளக்குக்குக் கிட்டப் பிடித்து, "இது பிரசர் குளிசை, இரவுக்கு மட்டும்" என்று எனக்கு வாசித்துக் காட்டினார்.

கிராம சேவையாளரிடம் கையெழுத்து வாங்கிய பத்திரத்தோடு நான் தமிழில் ஒரு கடிதமும் எழுதினேன். இனி வரும் கடிதங்களைத் தமிழில் அனுப்பும்படி, அரசியலமைப்பு தரும் உரிமையாக, மரியாதையாகக் கேட்டேன். அம்மாதான் கையெழுத்து வைத்தார். பதிவுத் தபாலில் அனுப்பும்போது முகவரியை ஆங்கிலத்தில் எழுதவா என்று கேட்டேன். "தமிழிலயே எழுதுங்கோ, போய்ச் சேரும்" என்றார் தபாற்கந்தோரில் இருந்தவர்.

நான் ரொறன்ரோ திரும்பி ஆறு கிழமை ஆகிறது. பென்சன் நிற்கவில்லை. தமிழ்க் கடிதம் இன்னும் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு அம்மா படலையடிக்குப் போய் நிற்கிறார் என்று சித்தி சொன்னார்.