கன்னியாகுமரி படகுத்துறை: படகு அருமை, வரிசைதான் வேதனை

விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்காக ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். பாறை கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர்தான், படகு ஏறிவிட்டால் சில நிமிடத்தில் போய்விடலாம். 2024 டிசம்பர் இறுதியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் அங்கிருந்து திருவள்ளுவர் சிலைக்கு நடந்தே போக முடிவதால் கூட்டமும் வருகிறது. அதெல்லாம் சரி.

ஆனால் வரிசையில் ஒருவர் இடம் பிடித்து நிற்பார், படகு வரும் நேரத்தில் "எங்க ஆளுங்க முன்னாடி இருக்காங்க" என்று பத்துப் பேர் கம்பிக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைவார்கள். எங்களுக்கு முன்னால் கைத்தடியோடு நின்ற பாட்டி அப்படி இரண்டு முறை பின்னால் தள்ளப்பட்டார், எனக்கு மனசே ஆறவில்லை. சீக்கிரம் போக வேண்டுமென்றால் சிறப்புக் கட்டண வரிசை இருக்கிறதே, அதில் போகலாமே!

படகில் ஏறும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். அலைக்குப் படகு ஒரு அடி ஏறி இறங்குகிறது, அந்த இடைவெளியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து தள்ளினால் என்ன ஆகும்? கயிற்றருகே நின்ற ஊழியர் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "அலை இறங்கட்டும், இப்ப வாங்கம்மா" என்று ஏற்றிவிட்டார். அவருக்கு முழு மதிப்பெண்.

இறங்கியதும் உயிர்காப்பு அங்கியைத் தரையில் வீசாதீர்கள், அடுத்து வருபவர் அதைத்தான் போட வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் வாரநாளில், காலை முதல் படகுக்கே போய்விடுங்கள்.