‘வளையாத பாஸ்டல் பலகை’ வாங்கும் முன் கவனிக்க

சேலத்தில் ஓவியப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில், “இறக்குமதிச் சரக்கு, வளையாது, மஞ்சளாகாது” என்ற உறுதிமொழியோடு விற்கப்படும் பாஸ்டல் பலகைகளை (சுண்ணக்கட்டி போன்ற வண்ணக் குச்சிகளால் வரைவதற்கான சொரசொரப்பான பலகைகளை) வாங்கி ஏமாற்றப்பட்டிருக்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. தவிரவும், இதே சரக்கு வேறு கடைகளில் வேறு பெயர்களில் கிடைக்கக்கூடும். சாஃப்ட் பாஸ்டலில் வரைபவர்கள், குறிப்பாக மலைமேல் ஏற்காட்டில் படங்களை மாட்டப் போகிறவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

பாஸ்டல் குச்சியில் நிறமித்தூளைப் பிடித்து வைக்கும் பசை மிகவும் குறைவு. ஆகவே பரப்பின் சொரசொரப்பில் சிக்கி நிற்பதைத் தவிர அந்தத் தூளுக்கு வேறு பிடிமானம் கிடையாது. தாள் வளைந்தாலும் அதிர்ந்தாலும் தூள் உதிரும் என்பதால்தான், 18-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஓவியர்கள் பலர் தாளைத் துணியில் ஒட்டி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி வரைந்தார்கள். இன்று அந்த வேலையை விறைப்பான பலகை செய்கிறது. ஓவியப் பலகைகள் செய்யும் ஆம்பர்சாண்ட் நிறுவனத்தின் பாஸ்டல்போர்டை எடுத்துக்கொண்டால், உள்ளே ஹார்ட்போர்டு எனும் இறுக அழுத்திய மரநார்ப் பலகை, அதன்மேல் களிமண்ணும் ஜெஸ்ஸோவும் (ஓவியத்துக்கு அடித்தளமாகப் பூசும் வெள்ளைப் பூச்சு) சேர்ந்த பூச்சு, அதில் பளிங்குத் துகள். “அதற்கு இணையானதுங்க மேடம், விலைதான் பாதி” என்று சொல்லித்தான் கடைக்காரர் எனக்கு 18-க்கு 24 அங்குலப் பலகைகளை விற்றார். பில்லிலும் ‘பளிங்குப் பூச்சு, அமிலமற்றது’ என்று எழுதித் தந்தார்.

முதல் பலகையில் வானத்தின் அடிநிறத்தைப் போட்டபோதே கோளாறு தெரிந்தது. நல்ல பரப்பு நான்கைந்து அடுக்கு நிறத்தைச் சலிப்பில்லாமல் வாங்கிக்கொள்ளும். இதுவோ இரண்டாம் அடுக்கிலேயே வழுக்கத் தொடங்கியது. விரலால் மெல்லத் தேய்த்ததும் நீலத்தோடு வெள்ளை மாவும் சேர்ந்து வந்து, வானம் முழுவதும் சாம்பல் பூத்துவிட்டது. கெட்டியான குச்சியால் மரக்கிளை ஒன்றைக் கீறியபோது பூச்சு பொருக்கோடு பெயர்ந்து, அடியிலிருந்த பழுப்பு நார் வெளியே தெரிந்தது. ஹார்ட்போர்டுகூட அல்ல, அவ்வளவு கெட்டியில்லாத மரநார்ப் பலகையான சாதாரண எம்.டி.எஃப்.! மேலே பூசியிருந்தது, சுவருக்கு அடிக்கும் புட்டியில் மணலைக் கலந்தது என்றே நினைக்கிறேன். ஈரப் பஞ்சை ஒருமுறை ஒற்றியதும் அது கரைந்து குழம்பாகிவிட்டது. அக்ரிலிக் ஜெஸ்ஸோ காய்ந்தபின் தண்ணீரில் அப்படிக் கரையாது.

பெரிய சேதம் ஏற்காட்டில் நடந்தது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நுழையும் ஊர் அது. அங்கே சட்டமிட்டு மாட்டிய படங்கள் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வளைந்துவிட்டன. முன்பக்கம் மட்டும் பூச்சு இருந்தது. பின்பக்கமும் விளிம்புகளும் வெறும் நாராக விடப்பட்டிருந்தன. ஈரத்தை உறிஞ்சிய பின்பக்கம் விரிய, பூச்சுள்ள முன்பக்கம் அதே அளவுக்கு விரியாமல் நிற்க, பலகையின் நடுப்பகுதி உள்வாங்கி நான்கு மூலைகளும் கண்ணாடியை நோக்கி எழும்பின. மூலையிலிருந்த காப்பிச் செடிகளின் பச்சை அப்படியே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடியைக் கழற்றியபோது ஓவியத்தில் பாதி அதனோடு போயிற்று.

பலகையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். “நீங்க மலைக்குக் கொண்டுபோயிட்டீங்க மேடம், அங்க எந்தப் பலகையா இருந்தாலும் வளையத்தானுங்க செய்யும்” என்றார் அதே கடைக்காரர். ‘வளையாது’ என்று விற்றது யார் என்று கேட்டதற்கு, பில்லின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வரியைக் காட்டினார். அந்த வரியைக் கண்டு யாரும் பின்வாங்க வேண்டாம். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்காதபோது 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கையாகவே வகைப்படுத்துகிறது. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் அளிக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. பில்லில் ‘அமிலமற்றது’ என்று கையால் எழுதி வாங்கியிருந்தது இப்போது எனக்குப் பெரிய துணையாக இருக்கிறது.

இதுபோன்ற பலகையை யாராவது நீட்டினால், முதலில் விளிம்பைப் பாருங்கள். பூச்சு விளிம்போடு நின்றுபோய், வெட்டிய இடத்தில் பஞ்சுபோன்ற பழுப்பு நார் தெரிந்தால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். பின்பக்கத்துக்கும் ஏதேனும் பூச்சு இருக்க வேண்டும். நகத்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டினால் மாவு உதிரக் கூடாது. ஈரப் பஞ்சுச் சோதனையை மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக்கிவிட வேண்டாம்: செனலியே நிறுவனத்தின் லா கார்ட் பாஸ்டல் அட்டை மிக நல்ல சரக்கு, ஆனால் அதன் பூச்சுக்குத் தண்ணீர் ஆகாது. நாட்டுச் சரக்கை ‘அக்ரிலிக் பூச்சு’ என்று சொல்லி விற்கும்போதுதான் அந்தச் சோதனைக்கு வேலை. மாதிரித் துண்டு ஒன்று தர மறுக்கும் கடையில் வாங்காமல் இருப்பதே மேல்.

இப்போது நானே தயாரித்துக்கொள்கிறேன். பிளைவுட் கடைகளில் ஹெச்.டி.எச்.எம்.ஆர். என்று கேட்டால், ஈரத்தைச் சாதாரண எம்.டி.எஃப்.-ஐவிட நன்றாகத் தாங்கும் மரநார்ப் பலகை கிடைக்கிறது; வேண்டிய அளவுக்கு வெட்டியும் தருகிறார்கள். மலைக்குப் போகும் படம் என்றால் பெயர்ப்பலகை செய்பவர்களிடம் மீந்துபோன ஏ.சி.பி. ஷீட் இன்னும் பொருத்தம், ஏனெனில் இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் உள்ள அந்தப் பலகை ஈரத்தை உறிஞ்சுவதே இல்லை. அதன் வழவழப்பான மேற்பரப்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு, அக்ரிலிக் ஜெஸ்ஸோவில் நைசான பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) தூளைக் கலந்து, ஒரு பூச்சு நெடுக்காகவும் அது காய்ந்தபின் அடுத்தது குறுக்காகவும் அடிக்கிறேன். மரநார்ப் பலகை என்றால் முதலில் எல்லாப் பக்கமும் அக்ரிலிக் சீலர் அடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தோடு மரத்தின் அமிலமும் மேலே வந்து பரப்பை மஞ்சளாக்கும். சன் போர்டு எனும் நுரைப் பிளாஸ்டிக் பலகை இலேசானது, விலையும் குறைவு, ஆனால் அழுத்தி வரைபவர்களுக்கு அதில் பள்ளம் விழும்.

ஏற்கெனவே அந்தக் கடைப் பலகையில் வரைந்து சட்டமிட்டவர்கள் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, முகம் மேலே இருக்கும்படி கிடத்தி, கண்ணாடியை நேராக மேல்நோக்கித் தூக்கி எடுக்கவும். உதிர்வதை நிறுத்தலாம் என்று ஃபிக்ஸேட்டிவ் (தூளைப் பிடித்து வைக்கத் தெளிக்கும் திரவம்) அடிக்க வேண்டாம். அடியில் பூச்சே பெயரும்போது மேலிருக்கும் நிறத்தை ஒட்டிப் பயனில்லை, நிறமும் கறுத்துவிடும். மீண்டும் சட்டமிடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே மூலைகள் எழும்பினாலும் தொடாத அளவுக்கு இடைக்கட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் ஷீட் போடுவதாகச் சட்டமிடுபவர் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதில் ஏறும் நிலைமின்சாரம் மிச்சத் தூளையும் இழுத்துக்கொள்ளும்.