பிஎஸ் 6 லாரியோட தர்ற ஓனர்ஸ் மேனுவல், அஞ்சுக்கு மூணு ஸ்டார்

புது வண்டி எடுத்தா சாவி, ஜாக்கி, டூல்ஸோட ஒரு தடி புஸ்தகம் தருவாங்கல்ல, அதுக்குத்தான் இந்த ரிவ்யூ. கம்பெனி பேரு வேணாம். எங்ககிட்ட ரெண்டு கம்பெனி வண்டி ஓடுது, ரெண்டு புக்கும் ஒரே லட்சணம்தான்.

மொதல்ல கடுப்பாகுறத சொல்லிடறேன். ஆரம்பத்துல பக்கம் பக்கமா எச்சரிக்கை, பெல்ட் போடு, குடிச்சிட்டு ஓட்டாதன்னு. அப்புறம் எல்லா மாடலுக்கும் சேத்து ஒரே புக்கா அடிச்சு "இருந்தால்"னு ஸ்டார் போட்டுடறாங்க, நம்ம வண்டில இல்லாத ஏர் சஸ்பென்ஷனயும் ஏசியயும் தாண்டித்தான் நமக்கு வேண்டியதுக்கே போகணும். எந்த லைட் எரிஞ்சாலும் சர்வீஸ் சென்டர அணுகவும்னு ஒரே பதில், ராத்திரி ஒரு மணிக்கு நாக்பூர் தாண்டி நிக்கிற டிரைவர் எங்கீங்க போய் அணுகறது?

ஆனா காசு மிச்சமாகுற விஷயமெல்லாம் நடுவுல ஒவ்வொரு வரியா ஒளிஞ்சு கெடக்கு. ஆட் ப்ளூவையே எடுத்துக்கங்க, புகைல இருக்கற விஷ வாயுவ கொறைக்க தனி டேங்குல ஊத்தற திரவம். 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6ங்கற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததுல இருந்து எல்லாரும் ஊத்தறோம், அதுல 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் சுத்திகரிச்ச தண்ணி, அவ்ளோதான். இதப் பாத்துட்டு வயலுக்குப் போடற யூரியாவ போர் தண்ணில கலக்கி ஊத்தறாங்க பாருங்க, அந்தத் தண்ணில இருக்கற உப்பு போய் இன்ஜெக்டர்லயும், புகைய சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட்லயும் படிஞ்சிரும், அப்புறம் வண்டி தானா பவர கொறைக்கும், லோடோட மேட்டுல ஏறாது. இத விட முக்கியமா ஒண்ணு இருக்கு, இஞ்சின் ஆஃப் பண்ண உடனே பேட்டரி மெயின் சுவிட்ச அணைக்கக் கூடாதாம். ஏன்னா பைப்புல நிக்கிற ஆட் ப்ளூவ பம்பு திருப்பி டேங்குக்கு இழுக்கணும், அதுக்கு கொஞ்சம் டைம் விடணும், இல்லன்னா உள்ளயே காஞ்சு கட்டியாயிரும். நம்மாளுங்க சாவிய திருப்பின கையோட மெயினையும் தட்டிட்டு எறங்கிருவாங்க, டெலிவரி அன்னைக்கு ஷோரூம்ல யாரும் இத சொல்றதில்ல.

டிபிஎஃப், அதாவது புகைல வர்ற கரிய பிடிக்கற ஃபில்டர் பத்தி எழுதுனது நல்லா இருக்கு. அதுல சேர்ற கரிய வண்டியே எரிக்கும், அதுக்குப் பேருதான் ரீஜெனரேஷன், அப்போ உள்ள சூடு 600 டிகிரி வரைக்கும் போகலாம், அதனால வைக்கோல் போருகிட்ட, காஞ்ச புல்லு மேல நிறுத்தி ரீஜெனரேஷன் போடாதீங்கன்னு தெளிவா போட்டிருக்கான். பாதில பாதில ஆஃப் பண்ணிட்டே இருந்தா கரி ஏறி ஏறி கடைசில சர்வீஸ்காரன் லேப்டாப் மாட்டி எரிய வெச்சாத்தான் ஆகும்னும் இருக்கு.

பாடி கட்டறவங்க கண்டிப்பா படிக்க வேண்டியது வெல்டிங் பக்கம். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பாடி இல்லாத வெறும் சேஸி நேரா பட்டறைக்குத்தான் போகும். வெல்டிங் வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரி வயர கழட்டணும், இஞ்சின கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர் இருக்கே, ஈசிஎம், அதோட கனெக்டர கழட்டணும், எர்த் கிளிப்ப வெல்டிங் வைக்கற எடத்துக்குப் பக்கத்துலயே மாட்டணும். விட்டா கரண்ட் எந்த வழியா போகும்னு சொல்ல முடியாது, ஈசிஎம் போச்சுன்னா வாரண்டியும் வராது.

டயர் கழட்டி மாட்டுனா 50ல இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள வீல் நட்ட திருப்பி டைட் வைக்கணும், டர்போ வண்டிய நிறுத்தறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஐடில்ல விடணும்னெல்லாம் இருக்கு, பழைய டிரைவருங்களுக்கு இது தெரிஞ்சதுதான்.

டோ பண்ற பக்கத்துக்கு மட்டும் தனியா ஒரு ஸ்டார் தரலாம். பிரேக்குக்கு வேண்டிய ஏர் இல்லாம நின்னா பின் பிரேக் ஸ்பிரிங்ல பிடிச்சுக்கும், பிரேக் சேம்பர்ல இருக்கற போல்ட்ட திருகி எப்படி ரிலீஸ் பண்றதுன்னு படத்தோட காட்டியிருக்கான், வீலுக்குக் கட்டை வெச்சிட்டு திருகுன்னும் சொல்றான். ரியர் வீல் உருள இழுத்துட்டுப் போனா கியர்பாக்ஸ்ல இருந்து பின்னாடி போற புரொபெல்லர் ஷாஃப்ட்ட கழட்டிடணும், இஞ்சின் ஓடாம கியர்பாக்ஸ் சுத்துனா உள்ள ஆயில் ஏறாது, பேரிங் காலி. இவ்ளோ நல்ல பக்கத்த கொண்டுபோய் புக்கோட கடைசில வெச்சிருக்கான், அதுவும் இங்கிலீஷ்ல. ரோட்டுல நின்னு அத படிக்கப்போறது டிரைவர், ஓனர் இல்ல. நான் அந்தப் பக்கத்தயும் லைட் சிம்பல் பக்கத்தயும் ஜெராக்ஸ் எடுத்து, பேனால தமிழ்ல எழுதி லேமினேட் போட்டு கேபின்ல மாட்டிட்டேன், கம்பெனிக்காரன் தமிழ்ல அடிச்சு தர்றப்ப பாத்துக்கலாம்.