நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா? 26,500 ரூபாயை விட்டவள் எழுதுகிறேன்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொரி போய் இன்றோடு இரண்டு நாள். பொரி என்பது எங்கள் வீட்டில் ஆறே ஆறு நாள் இருந்த நாய்க்குட்டி. வெள்ளையாக உப்பலாக இருந்ததால் மகள் வைத்த பெயர். இடது காது நுனியில் மட்டும் டீ சிந்தின மாதிரி ஒரு பழுப்பு. அதற்கு நான் கொடுத்தது 26,500 ரூபாய். மருத்துவச் செலவு தனி, அதைச் சொல்லவே வாய் வரவில்லை.

மேடவாக்கத்தில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் அத்தை இருப்பார், ஆனால் முட்டி ஆபரேஷன் ஆனவர், பெரிய நாய் ஒரு இழுப்பு இழுத்தால் விழுந்துவிடுவார். மகள் நாலாம் வகுப்பு, இரண்டு வருடமாக நாய் வேண்டும் என்று ஒரே அனத்தல். நாங்கள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு போய் விழவில்லை. மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். ‘உங்களிடம் கேள்வியே கேட்காமல் குட்டியை நீட்டுகிறவரிடம் வாங்காதீர்கள், நல்ல வளர்ப்பாளர் உங்கள் வீட்டைப் பற்றி விசாரிப்பார்’ என்று எங்கு பார்த்தாலும் இருந்தது. அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வழுக்கி விழுந்ததும் அங்கேதான்.

பழைய சோபா, பைக் எல்லாம் விற்கிற இலவச விளம்பரத் தளம் ஒன்றில் பார்த்தோம். பெயர் போடவில்லை, அதுபோல நாலைந்து இருக்கின்றன, எல்லாம் ஒரே லட்சணம்தான். லேப்ரடார் குட்டி 15,000 என்று இருந்த விளம்பரத்துக்குத்தான் நான் போன் செய்தேன். எடுத்தவன் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. பெண் பார்க்க வந்த சம்பந்தி மாதிரி விசாரித்தான். எத்தனாவது மாடி, பகலில் யார் இருப்பார்கள், பெரியவர்கள் உண்டா, குழந்தைக்கு என்ன வயது, வாடகையா சொந்தமா. எல்லாம் கேட்டுவிட்டு, “அக்கா, உங்களுக்கு லேப் வேணாம்கா. முப்பது கிலோ வரும். வயசானா இடுப்பு மூட்டு பிரச்சனை வர்ற ஜாதி. அப்போ ரெண்டு மாடி யாரு தூக்கிட்டு இறங்குவா? நான் வித்துட்டுப் போயிடலாம், மனசு கேக்கல” என்றான்.

அந்த ‘மனசு கேக்கல’வில்தான் நான் கவிழ்ந்தேன்.

சரி, பீகிள் எப்படி என்றேன். மோப்ப நாய்க்கா, மூக்கு போற பக்கம்தான் போகும், தனியா விட்டா ஊளை விடும், பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான் என்றான். ஹஸ்கி? பனியில இருக்க வேண்டிய நாய், சென்னை வெயிலுக்குப் பாவம்கா. பக்? மூக்கு சப்பை, மே மாசம் மூச்சுக்கே திணறும். ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் நம்ம ஊர் நாய்தான், ஆனா அதுங்க ஓட இடம் வேணும், ஃப்ளாட்டுல கட்டிப்போட்டா வெறி பிடிச்ச மாதிரி ஆயிடும். இதையெல்லாம் நான் அப்புறம் டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன், அவன் சொன்னதில் பெரிய தப்பு எதுவும் இல்லையாம். அதுதான் இன்னும் எரிகிறது. விஷயம் தெரிந்தவன்தான், தெரிந்துகொண்டேதான் செய்திருக்கிறான்.

கடைசியில், “உங்க வீட்டுக்கு டாய் பொமரேனியன்தான் சரி. மூணு கிலோவுக்கு மேல போகாது. அம்மா மடியிலயே கிடக்கும்” என்றான். வீடியோ காலில் காட்டினான். ஒரு வெள்ளைத் தாய் நாய், அதன் வயிற்றில் முகத்தை வைத்துத் தூங்குகிற குட்டி. மகள் போனைப் பிடுங்கி முத்தம் கொடுத்தாள். குட்டி 23,000, கே.சி.ஐ. பேப்பருக்கு, அதாவது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தருகிற இனப் பதிவுச் சான்றிதழுக்கு, 3,500, ஆக 26,500. அறுபது நாள் குட்டி, முதல் ஊசி போட்டாச்சு, கார்டு இருக்கு.

நேரில் வந்து பார்க்கிறோம் என்றதற்கு, “வேணாம்கா, வெளியாள் வந்தா மத்த குட்டிங்களுக்கு இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்” என்றான். எவ்வளவு அக்கறை பாருங்கள். அதையும் நான் நல்ல அடையாளமாகத்தான் எடுத்துக்கொண்டேன்! போன ஞாயிற்றுக்கிழமை காலை பாடி மேம்பாலத்துக்குக் கீழே, ஒரு ஸ்கூட்டியின் முன்பக்கம், பழக்கடை அட்டைப்பெட்டியில் குட்டி. முன்பணம் 5,000 ஜிபேயில் அனுப்பியிருந்தேன். மீதி 21,500 ரொக்கமாகத்தான் வேண்டும், அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சுடுச்சு என்றான். ஏடிஎம்மில் எடுத்து எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டேன். “பேப்பரோட சேர்ந்து கூரியர்ல வரும்கா.”

செவ்வாய் ராத்திரி வாந்தி. மஞ்சளாக, நுரையாக. உடனே போன் செய்தேன். “இடம் மாறினா அப்படித்தான்கா, தயிர்சாதம் குடுங்க” என்றான். புதன் காலை ரத்தமாகப் போனது, வீடெங்கும் ஒரு நாற்றம், அது இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. டாக்டர் டெஸ்ட் எடுத்து பார்வோ என்றார். இந்த வைரஸ் உள்ளே போய் அறிகுறி காட்டவே குறைந்தது மூன்று நாள் ஆகும், உங்கள் வீட்டுக்கு வரும்போதே இருந்திருக்கிறது என்றார்.

அப்புறம் குட்டியின் வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். முன்னால் குட்டிக் குட்டியாகப் பல், உள்ளே ஈறு பாதிக்கு மேல் மழமழவென்று காலி. கடைசிப் பால்பற்களே இன்னும் வரவில்லை, ஆறு வாரம்கூட ஆகவில்லை, இதையா அறுபது நாள் என்றார்கள் என்று கேட்டார். ஊசி கார்டை வாங்கிப் பார்த்தார். மருந்து பாட்டிலின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, மேலே ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஆனால் டாக்டரின் பதிவு எண் இல்லை. கார்டில் போட்டிருக்கிற தேதியில் இது பிறந்து நாலு வாரம் ஆகியிருந்தாலே அதிகம், அந்த வயதில் யாரம்மா இந்த ஊசி போடுவார்கள் என்றார். நான் அந்தக் கார்டைப் பெருமையாக பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார். இது டாய் பொமரேனியனே இல்லை, இந்தியன் ஸ்பிட்ஸ். நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்று கூப்பிடுகிற வெள்ளை நாய் பெரும்பாலும் இதுதானாம். நல்ல நாய், வெயில் தாங்கும், ஃப்ளாட்டிலும் வளர்க்கலாம், ஆனால் மூன்று கிலோவில் நிற்காது, காலிங் பெல் அடித்தால் குரைக்கிற குரைப்பும் சாதாரணமாக இருக்காது. நான் கொடுத்ததில் நாலில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் என்றார். 26,500 என்று நான் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

புதன் மதியம் திரும்பப் போன் செய்தால் குரலே மாறிவிட்டது. “குளிப்பாட்டினீங்களா? தரையை ஃபினாயில் போட்டுத் துடைச்சீங்களா? அப்போ அதான்.” வியாழன் அன்று திருப்பதியில் இருக்கிறானாம், வந்து பேசுகிறானாம். வெள்ளி காலை வேறு யாரோ எடுத்து, அண்ணன் போனை வெச்சுட்டுப் போயிட்டாரு என்றார்கள். கே.சி.ஐ. பேப்பராவது வருமா என்று வாட்ஸாப்பில் கேட்டேன், டெல்லியில் இருந்து வரணும், லேட்டாகும் என்று ஒரு பதில். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் அலுவலகம் சென்னையில், அண்ணா நகரில் இருக்கிறது! பாடி மேம்பாலத்தில் இருந்து ஆட்டோவில் போய்விடலாம். டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அங்கே பதிய வேண்டும் என்றால் குட்டிக்கு மைக்ரோசிப் இருக்க வேண்டும், தாய் தகப்பன் பதிவாகியிருக்க வேண்டும். பொரிக்கு சிப்பும் இல்லை ஒன்றும் இல்லை. இதைத் திருப்பிக் கேட்டதும் டிபி காணாமல் போனது, ஒற்றை டிக்கோடு சரி.

வெள்ளி ராத்திரி ட்ரிப் ஏற்றிய காலில் பேண்டேஜோடு பொரி போய்விட்டது. மகள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

விளம்பரத் தளத்துக்கு எழுதினேன். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் நடக்கும் பரிவர்த்தனைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு ரெடிமேட் பதில். திரும்ப எழுதினேன், அதே பதில், கமா கூட மாறவில்லை. மூன்றாவது தடவை ‘உங்கள் பிரச்சனை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்’ என்று வந்தது. 26,500 ரூபாய்க்கு எத்தனை நட்சத்திரம் தரலாம், நீங்களே சொல்லுங்கள். 1930-க்கு, அதாவது ஆன்லைன் பண மோசடிக்கான சைபர் குற்ற உதவி எண்ணுக்கு, புகார் கொடுத்திருக்கிறேன், எண் வாங்கியாகிவிட்டது. ஆனால் கையில் ஆதாரம் என்று இருப்பது ஜிபேயில் போன 5,000 மட்டும்தான், அதுவும் வேறு யாரோ ஒரு பெண் பெயரில் இருக்கிற கணக்கு. 21,500 காற்றில் கொடுத்த மாதிரி.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது தெம்பில்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். கேள்வி கேட்கிறவனெல்லாம் யோக்கியன் இல்லை. தாயையும் குட்டியையும் அவை இருக்கிற இடத்திலேயே நேரில் பார்க்க முடியாவிட்டால் வாங்காதீர்கள், என்ன காரணம் சொன்னாலும் சரி. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இலேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது, வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். பணத்தை ஒரு கால்நடை டாக்டர் வாசலில் வைத்துக் கொடுங்கள், பல்லைப் பார்த்த பிறகு. ரொக்கமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

டாக்டர் இன்னொரு யோசனை சொன்னார். உங்கள் வீட்டு நிலைமைக்குக் குட்டியே எதற்கு, இரண்டு மூன்று வயதான நாயைத் தத்து எடுங்கள், குரைக்குமா, இழுக்குமா, குழந்தையோடு ஒத்துப்போகுமா என்பதெல்லாம் முன்னாலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும், ப்ளூ கிராஸ் மாதிரி விலங்குக் காப்பகங்களில் கேட்டுப் பாருங்கள் என்றார். மூன்று மாதம் படித்த எனக்கு இது தோன்றவே இல்லை, இன ஜாதகம் பார்ப்பதிலேயே போய்விட்டது. இப்போது அதற்கும் வழியில்லை. பார்வோ கிருமி வீட்டில் மாதக்கணக்கில் கிடக்குமாம். ஊசி எல்லாம் முழுசாகப் போட்ட நாயாக இல்லாவிட்டால் இப்போதைக்குக் கொண்டு வரவே கூடாது என்கிறார். நேற்றும் இன்றும் பிளீச்சிங் கரைசல் ஊற்றி பால்கனியைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். அத்தை ஒன்றும் பேசவில்லை, பொரி கிடந்த பழைய புடவையை மட்டும் தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே கணவர் அந்தத் தளத்தைத் திறந்து காட்டினார். வேறு பெயர், வேறு நம்பர். ‘டாய் பொமரேனியன், ஒரே ஒரு குட்டிதான் பாக்கி’ என்று இருக்கிறது. படத்தில் இடது காது நுனியில் அந்தப் பழுப்பு. விலையை மட்டும் 24,000 ஆக்கியிருக்கிறான்.