கொடைக்கானல் ஏரிக்கு குண்டுக் கயிறா, எக்கோ சவுண்டரா?

1863இல், மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கட்டிய ஏரியில் கயிற்றில் கட்டி இறக்கும் குண்டு ஓர் ஆழம் சொல்லும், ஒலி அடியில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் கணக்கிடும் எக்கோ சவுண்டர் வேறொன்று சொல்லும். இரண்டும் பொய் இல்லை. சேறு படிந்த ஏரிக்கு அடி ஒன்றல்ல.

மூன்று கிலோ குண்டு சேற்றில் புதையும். கீழே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தகடு பற்றவைத்தால் மேலேயே நிற்கும். நைலான் கயிறு இழுபடும். ஸ்டீல் டேப் நல்லது. காற்றில் படகு நகர்ந்து கயிறு 15 டிகிரி சாய்ந்தால் 10 மீட்டர் தண்ணீர் 10.35 ஆகிவிடும்.

எக்கோ சவுண்டரில் தகராறே ஒலியின் வேகம்தான். கடலுக்கென நொடிக்கு 1500 மீட்டர் என்று வைத்துவரும் கருவி, 15 டிகிரி மலைத்தண்ணீரில் (அங்கே 1466 மீட்டர்தான்) 10 மீட்டரை 10.23 என்று காட்டும். டிரான்ஸ்டியூசருக்கு (தண்ணீரில் அமிழ்ந்து ஒலியை அனுப்பி வாங்கும் பகுதி) நேர்கீழே, அளவு குறித்த சங்கிலியில் இரும்புத் தகட்டை 2, 5, 8 மீட்டரில் நிறுத்திப் பாருங்கள். எல்லா ஆழத்திலும் ஒரே பிசகு என்றால் டிரான்ஸ்டியூசர் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்ற கணக்கு தப்பு. ஆழம் கூடக் கூடப் பிசகும் கூடினால் வேகம் தப்பு.

200 கிலோஹெர்ட்ஸ் ஒலி இளஞ்சேற்றின் மேல்தோலிலேயே திரும்பும். 33 அல்லது 50 உள்ளே இறங்கும். இரண்டின் வித்தியாசத்தை அப்படியே வண்டல் கனம் என்று எழுதி தூர்வார மதிப்பீடு போடுவது அவசரம். அழுகிய இலைதழையிலிருந்து கிளம்பும் வாயுக்குமிழ்கள் தாழ்ந்த அதிர்வெண்ணையும் மறித்துவிடும். பத்து இடத்திலாவது கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். நீர்ச்செடி மண்டிய ஓரங்களில் கருவி செடியின் தலையையே தரை என்று காட்டும். அங்கே குண்டுதான் ஜெயிக்கும்.

நீலகிரியின் எமரால்டு அணையில் கதை தலைகீழ். மூழ்கிய மலைச்சரிவில் ஒலிக்கற்றையின் மேட்டுப்பக்க ஓரம் முதலில் மோதித் திரும்பிவிடும். 30 டிகிரி சரிவில் 30 மீட்டர் ஆழத்தை 20 டிகிரி அகலக் கற்றை ஏறக்குறைய 27.6 என்று காட்டும். 8 டிகிரி கற்றை 28.9 வரை வரும். அங்கே குறுகிய கற்றைக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். ஒரே நேரத்தில் பல கற்றைகளை விசிறிபோல் அனுப்பும் மல்டிபீமும் அங்கேதான் பொருந்தும். ஆழத்தைப்போல் மூன்று, நான்கு மடங்கு அகலத்தை அது ஒரே ஓட்டத்தில் வாரும். 3 மீட்டர் தண்ணீரில் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு மீட்டர் பட்டைதான். கொடைக்கானலுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடும் செலவு.

கொடைக்கானலில் அளப்பதானால் மிதிபடகுகள் இறங்கும் முன் 200 கிலோஹெர்ட்ஸ் கருவி ஓடட்டும், தகடு வைத்த குண்டு கூடவே வரட்டும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருட அளவோடு ஒட்டிப் பார்க்க வழியிருக்காது.