தரங்கம்பாடி பாரம்பரிய நடை: 1620க்கு முன்னும் ஓர் ஊர் இருந்தது

தரங்கம்பாடியில் நாங்கள் தங்கிய விடுதி, விருந்தினர்களுக்காகக் காலை வேளையில் வழிகாட்டியுடன் ஒரு பாரம்பரிய நடையை நடத்துகிறது. ஒரு சிற்றூர் எப்படி உருவாயிற்று, யார் யாரால் ஆயிற்று என்பதை நடந்தே அறிய விரும்புவோர் தாராளமாகச் சேரலாம். கட்டணம் தனி என்றாலும் கூடுதல் என்று சொல்வதற்கில்லை.

1792இல் இன்றைய உருவில் எழுப்பப்பட்ட நகர வாயிலில் நடை தொடங்குகிறது. அதைக் கடந்ததும் ராஜா வீதி நேராகக் கடலை நோக்கிச் செல்கிறது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் டென்மார்க் கடற்படைத் தலைவர் ஓவே கெட்டே செய்துகொண்ட உடன்படிக்கையையும், அதன்பின் மிளகு வணிகத்தை நம்பி எழுந்த டேன்ஸ்போர்க் கோட்டையையும் வழிகாட்டி இளைஞர் கோவையாக விளக்கினார். புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் எங்களை நிறுத்தி, 1718 என்ற ஆண்டோடு பொறிக்கப்பட்டிருக்கும் டென்மார்க்கின் நான்காம் பிரடெரிக் மன்னரின் முடி சூட்டிய பெயர்ச் சின்னத்தைக் காட்டிய பிறகே, 1706இல் கரையிறங்கிய ஜெர்மானியச் சமயப்பணியாளர் சீகன்பால்குவைப் பற்றியும் 1715இல் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் பற்றியும் பேசினார். அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது, ஏனெனில் அரசரின் ஆதரவில்லாமல் அந்தச் சமயப்பணி தொடங்கியிருக்காது.

குறை என்னவென்றால், இந்த நடை ஊரின் பிறப்பையே டேனியர் (டென்மார்க்கினர்) கணக்கில் எழுதிவிடுகிறது. கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில், அலை அரித்த கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் இவ்வூரைக் குறிக்கும் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. டேனியர் வருவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஊர் இருந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆனால் நாங்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தோம், அவ்வளவுதான். பள்ளிவாசலுக்கு வழி காட்டப்படவில்லை. 2004 ஆழிப்பேரலையில் கடுமையாக அடிபட்ட மீனவர் குப்பமோ நடையின் வரைபடத்திலேயே இல்லை. டேனியர் இவ்வூரையும் வங்காளத்துச் சேராம்பூரையும் 1845இல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுப் போனபோது, போகாமல் இங்கேயே தங்கியவர்கள் இந்த ஊர்மக்கள்தாமே.

நடையைக் கோயிலிலிருந்து தொடங்க முடியுமா என்று முன்தினமே கேட்டுவைப்பது நல்லது. வழிகாட்டி உள்ளூர்க்காரர், கேட்டால் மறுக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. கடற்கரையில் நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும்.